சென்செக்ஸும் நகைக் கடன் வரிசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குச் சந்தைக் குறியீடு உயர்ந்திருப்பதே நல்லாட்சிக்கும், மக்கள் கையில் பணம் புழங்குவதற்கும் சான்று என்று வாதிடும் கடிதங்களைத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அவ்வப்போது படிக்கிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, கடைசி சில ஆண்டுகளைக் கரூர் மாவட்டக் கிளையொன்றில் கழித்து ஓய்வு பெற்ற என்னால் அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை.

மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் முதன்முறையாக 50,000 புள்ளிகளைத் தொட்டது 2021 ஜனவரி 21 அன்று. கிளையின் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்த வேளையில், நகைக் கடன் பிரிவின் முன்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கொசுவலைத் தறியில் வேலை பார்த்துவந்த ஒரு பெண்மணி, அங்கேயே நின்று தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, பதித்திருந்த கல்லின் எடையைக் கழித்து, நிகர எடை மூன்றரை கிராம் என்று எழுதினார். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு அவர் படிவத்தில் கையெழுத்திட்டார். தொலைக்காட்சியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அது ஒரு கிளையின் கதை மட்டுமன்று. பெருந்தொற்றுக் கால நெருக்கடியைக் கருதி, வேளாண்மை அல்லாத தேவைகளுக்கான நகைக் கடனை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை வழங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டிலேயே வரம்பைத் தளர்த்தியிருந்தது. அந்த நிதியாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி சுருங்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மண்வெட்டி தூக்கின. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை அத்தனை குடும்பங்கள் அந்த வேலைக்கு வந்ததில்லை. ஆனால், 2020 மார்ச் 23 அன்று 25,981 புள்ளிகளுக்குச் சரிந்திருந்த சென்செக்ஸோ, பத்தே மாதங்களில் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கான ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கி, அமெரிக்காவிலும் வட்டி பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றதால், போக்கிடம் தேடிய பணம் பங்குகளுக்குள் வந்து விழுந்தது. சென்செக்ஸில் இருப்பவை முப்பது பெரிய நிறுவனங்கள். அவற்றின் வருங்கால லாபத்துக்கு முதலீட்டாளர்கள் இன்று தரச் சம்மதிக்கும் விலையைத்தான் அது காட்டுகிறது. உழைப்பாளர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு வேலை தரும் விவசாயத்துக்கும், நம் ஊர்த் தறிக்கூடங்களுக்கும், தெருமுனைக் கடைகளுக்கும் அந்தக் கணக்கில் நேரடி இடமில்லை.

சரி, ஆட்சித் தலைமைக்காவது அது அளவுகோலாகுமா? 2004 மே 17 அன்று, இடதுசாரிகளின் ஆதரவோடு காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அமையப்போகிறது என்றதும் சந்தை மிரண்டு, வர்த்தகத்தையே இடையில் நிறுத்தவேண்டிய அளவுக்குச் சரிந்தது. அன்றைய முடிவு சுமார் 4,500 புள்ளிகள். அதே ஆட்சியில், நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் சென்செக்ஸ் 20,000-த்தைக் கடந்தது. பிறகு அமெரிக்க வங்கிகளின் வீழ்ச்சியில் பாதிக்கும் கீழே போனது. அந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் பிரதமர் மன்மோகன் சிங்தான். 2024 ஜூன் 4 அன்று, பா.ஜ.க.வுக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் ஒரே நாளில் 4,389 புள்ளிகள் விழுந்த சென்செக்ஸ், ஜூன் 7-இல் புதிய உச்சத்தில் முடிந்தது. மூன்று நாளில் ஆட்சியின் தரம் மாறிவிட்டதா? ஏறும்போது தங்கள் சாதனை என்றும், இறங்கும்போது உலகச் சூழல் என்றும் சொல்வதில் இரு தரப்பினருக்கும் வேறுபாடு இல்லை.

சில சமயம் சந்தையை ஏற்றிவிட்ட முடிவே பொதுக் கருவூலத்தில் துண்டு விழச் செய்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2019 செப்டம்பர் 20 அன்று பெருநிறுவன அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்று மட்டும் சென்செக்ஸ் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று சொன்னது அரசேதான். அந்த லாபம் ஊதியமாக இறங்கியதா என்பதற்கு, இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன் தயாரித்த 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே பதில் சொல்கிறது: 2023-24-இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தது. வேலைவாய்ப்பு உயர்ந்தது 1.5 சதவீதம்.

சந்தைக்கும் குடும்பங்களுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி 2015 முதல் பங்குகளில் முதலீடு செய்யப்படுகிறது. மாதச் சம்பளக்காரர்கள் பலர் பரஸ்பர நிதியில் தவணை கட்டுகிறார்கள். என் மருமகனும் கட்டுகிறார், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்குகள் பெருகியதை மட்டும் காட்டி, சாமானியர்களும் சந்தையில் சம்பாதிக்கிறார்கள் என்று பேசுவோர், 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே கணித்துப் போடும் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் (எஃப் அண்ட் ஓ) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தார்கள் என்ற பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு முடிவையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஆகவே ஒரு வேண்டுகோள். முதல் பக்க மூலையில் நாள்தோறும் சென்செக்ஸ், நிஃப்டி, தங்கம் விலை ஆகியவற்றை அச்சிடுகிறீர்கள். வங்கிகளில் நிலுவையிலுள்ள நகைக் கடன் எவ்வளவு என்ற கணக்கை ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடுகிறது. அதையும் மாதம் ஒருமுறையாவது அதே மூலையில், அதே அளவு எழுத்தில் வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கரூர்.