கட்டிப்போட்டதற்கு வாடகை

கல்லிடைக்குறிச்சி,
ஆவணி 6.

அன்பு நண்பர் சங்கரனுக்கு,

நலம். நீரும் மதினியும் நலமென்று நம்புகிறேன். ஒரு வருஷமாகக் கடிதம் போடாதவன் இதற்கு மேல் நலம் விசாரித்தால் உமக்கு எரிச்சல்தான் வரும். மதினிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பாளையங்கோட்டைக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை. தப்புத்தான். இரண்டு வசவு வைதுவிட்டு மேலே படியும்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்திலிருந்து சின்னவன் போன் செய்தான். அங்கே கால்வாயில் ஓட்ட வாங்கின படகை விற்றுவிடலாம் என்று இருக்கிறானாம்.

சிரிக்காதீர் வே. அவன் அதை வாங்கின அன்றைக்கு நீர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "முப்பது வருஷம் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் அளந்தவன் மகன், கால்வாய்க்குள்ளேயே இறங்கிவிட்டானா?" என்றீர். எனக்கும் அன்றைக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. குற்றாலத்து வெண்ணமடைக்குளத்தில் படகிலிருந்து விழுந்து நீர் ஆடிய தீர்த்தவாரிக்குப் பிறகு படகு என்று யாராவது வாயெடுத்தாலே நம் இரண்டு வீட்டிலும் பேச்சை மாற்றிவிடுவோமே.

ஆனால் போன வருஷம் நாலு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தேன் அல்லவா, அதை உம்மிடம் சரியாகச் சொல்லவே இல்லை. சொன்னால் கிழவனுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லுவீர்.

படகு 50 அடி நீளம், அகலம் ஏழடி கூட முழுசாக இல்லை. உள்ளே ஒரு முனையில் படுக்கை, நடுவில் அடுப்பங்கரை, மறு முனையில் எஞ்சின். எதிரே ஆள் வந்தால் ஒருவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கட்டின லாக், அதாவது படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி, பல இடங்களில் ஏழடி அகலம்தானாம். நாடு முழுக்கப் போக வேண்டுமென்றால் படகு அதற்குள் நுழைய வேண்டும். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது. கரையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பாட்டி நம்மைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துக் கையசைப்பாள்.

ஆடி மாதம் வார்விக் ஊருக்குப் பக்கத்தில் ஹாட்டன் என்ற இடத்தில் வரிசையாக 21 லாக் ஏறினோம். உமக்கு விளங்கும்படி சொல்கிறேன். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. கீழ்க்கதவு வழியாகப் படகை உள்ளே விட்டு, மூடி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு தானாக உயரும். ஷட்டரைத் திருக ஒரு கைப்பிடி உண்டு. அதை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னவன் கரையில் முன்னால் நடந்தான். அச்சு அசல் நம்ம மடை திறக்கிற லஸ்கர் மாடன்தான், தலையில் துண்டு மட்டும் இல்லை. (வாழைத்தார் ஞாபகம் வந்துவிட்டதா? எனக்கும் வந்தது. அந்த இடத்தில் தனியாக நின்று சிரித்தேன்.)

எனக்குக் கை சும்மா இருக்குமா? ஹாட்டனில் லாக் அகலமானது, தொட்டி அகலம் 14 அடி, நீளம் 72 என்று வைத்துக்கொள்ளும், ஏற்றம் ஏழடி. ஒரு தரத்துக்குச் சுமார் 7,000 கன அடி. நம்ம கணக்கில், ஒரு கியூசெக் (விநாடிக்கு ஒரு கன அடி) ஓடுகிற மடையைத் திறந்தால் இரண்டு மணி நேரத் தண்ணீர். ஒரு படகு ஏழடி மேலே போவதற்கு! இதைச் சொன்னதும், "அப்பா, நீங்க லீவுக்கு வந்திருக்கீங்க" என்றான்.

சரி, செலவுக்கு வருகிறேன். படகை அவன் ஒரு மெரினாவில் கட்டிப்போட்டிருக்கிறான். மெரினா என்றதும் சென்னைக் கடற்கரையை நினைக்காதீர். கால்வாயை ஒட்டிக் குளம் மாதிரி வெட்டி, படகுக்கு ஒரு துறையாகப் பிரித்து, கரண்டும் குழாய்த் தண்ணீரும் கொடுத்து வாடகைக்கு விடுகிற தனியார் இடம். படகின் நீளத்தை அளந்து வாடகை போடுவார்கள். அவன் வாங்கினபோது வருஷத்துக்கு 2,700 பவுண்டு. இந்த வருஷம் 3,600 என்று ஒரு ஈமெயில் வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, எல்லாச் செலவும் கூடிவிட்டது என்று ஒரு வரி. பவுண்டுக்கு 110 ரூபாய் வைத்தாலும் நாலு லட்சத்தைத் தொடுகிறது வே. ஓட்டினதற்கு இல்லை, கட்டிப்போட்டதற்கு! தொழுவில் மாட்டைக் கட்டினால் சாணமாவது மிஞ்சும்.

அது போக, கால்வாயில் படகு இருப்பதற்கே வருஷ லைசென்ஸ், ஆயிரம் பவுண்டுக்கு மேல். இன்ஷூரன்ஸ் தனி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை கேஸ், டீசல், ஒயரிங் எல்லாம் சோதித்து ஒரு பாதுகாப்புச் சான்றிதழ். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பை அரித்துவிடும். எஞ்சினுக்கு டீசல், குளிருக்கு அடுப்பில் போட நிலக்கரி. கழிவறைத் தொட்டியை இறைப்பதற்குக் கூடக் காசு. மதினியும் இதைப் படிப்பாள் என்பதால் அதை விவரிக்கவில்லை.

எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "அநியாயம்பா" என்றான். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். என் வாய்தான் உமக்குத் தெரியுமே. "மெரினா வாடகை அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். லைசென்ஸ் காசை மட்டும் திட்டாதே. கரைக்கு யார் மண் போடுவது?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க என் பக்கமா, டிபார்ட்மென்ட் பக்கமா?" என்றான்.

நீர்ப்பாசன டிபார்ட்மென்டிலிருந்து ரிட்டயர் ஆகிப் பதினாலு வருஷம் ஆகிறது, இன்னும் டிபார்ட்மென்ட் பக்கம்தான் போலிருக்கிறது. ஆனால் நீரே சொல்லும். அங்கே 2012 வரைக்கும் அரசு நிறுவனம் ஒன்று கால்வாய்களைப் பார்த்தது. பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் பெரும்பாலானதை கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டார்கள். 2,000 மைல். பெரும்பாலும் இருநூறு வருஷத்துக்கு முந்தின வேலை. அரசு மானியத்துக்கு 2027 வரை ஒப்பந்தம் உண்டு. அதன் பிறகு பத்து வருஷத்துக்குச் சேர்த்து 40 கோடி பவுண்டு என்று 2023-இல் அறிவித்தார்கள். கேட்கப் பெரிசாகத்தான் இருக்கிறது. வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் முன்னைவிட 30 கோடி குறைவு என்கிறது டிரஸ்ட். பள்ளம் விழுந்த இடத்துக்கு எங்கிருந்தாவது மண் வெட்டித்தானே ஆக வேண்டும்? படகுக்காரன் பக்கமிருந்தும் வெட்டுகிறார்கள்.

நம்ம குளத்துக் கரை மாதிரியே அந்தக் கால்வாய்க்கும் களிமண்தான் காப்பு. தண்ணீர் விட்டுப் பிசைந்து மிதித்துப் போட்டது, மாடுகளை ஓட்டி மிதிக்க விட்டதும் உண்டாம். பசு நடந்த வழியிலேயே கன்னடியன் கால்வாய் வெட்டினதாக எங்கள் ஆச்சி சொல்லும் கதையை அவனிடம் சொன்னேன். எந்த ஊரானாலும் முதல் ஓவர்சீயர் மாடுதான் போலிருக்கிறது.

2019 ஆகஸ்டில் டாட்புரூக் என்ற நீர்த்தேக்கத்தில் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கின் கான்கிரீட் பெயர்ந்து குழி விழுந்தது. கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டினது, ஏறத்தாழ 180 வருஷப் பழசு. கீழே வேலி பிரிட்ஜ் என்ற ஊரில் 1,500 பேரை வெளியேற்றிவிட்டு, விமானப் படை ஹெலிகாப்டரில் மூட்டை மூட்டையாகக் கல் கொண்டுவந்து குழியை அடைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம்ம 2023 மார்கழி முதல் தேதிதான் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க நீரும் நானும் போனில் என்ன பேசினோம்? எந்தக் குளத்துக் கரை நிற்கும், எது போகும், அவ்வளவுதான். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பற்றி நீர் காலையில்தான் சொன்னீர்.

2025 ஆங்கிலப் புத்தாண்டு அன்றைக்கு மான்செஸ்டர் பக்கம் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்க் கரை உடைந்தது. அது டிரஸ்ட்டினுடையது இல்லை, தனியார் கால்வாய். நிலக்கரி கொண்டுபோக 1761-இல் முதல் பகுதி திறந்தது. அப்புறம் மே மாதமே தலைகீழ். மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் இறங்கிப்போய், லீட்ஸ் - லிவர்பூல் கால்வாயில் நெடுந்தூரத்துக்கு லாக்குகளைப் பூட்டிவிட்டார்கள். லைசென்ஸ் கட்டினவனுக்குப் போக வழியில்லை. தீர்வையைக் கட்டிவிட்டுக் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பிசான நெல் பருவம் நமக்கும் உண்டு.

மெரினாவை விட்டுவிட்டால் என்ன என்று நீர் கேட்பீர். நானும் கேட்டேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1995-ஆம் வருஷச் சட்டப்படி, சொந்தத் துறை இல்லாதவன் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கரையோரம் முளை அடித்துக் கட்டிக்கொள்ளலாம், பெரும்பாலான இடங்களில் வாடகை கிடையாது. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து அவர்களுக்கு லைசென்ஸில் தனிக் கூடுதல் போட்டுவிட்டார்கள். முதலில் 5 சதவீதம், 2028-க்குள் 25 ஆகிவிடும். கரையை அதிகம் உபயோகிக்கிறார்கள் என்று காரணம். நம்ம ஊரில் வயலுக்கு வயல் ஆட்டுக்கிடை போட்டு நகர்கிறவருக்கு நாம்தான் நெல் அளப்போம். அங்கே கிடை நகர்த்துகிறவன் அளக்க வேண்டியிருக்கிறது. லண்டனில் வீட்டு வாடகை தாங்காமல் படகுக்குக் குடி வந்தவர்களும் இதில் உண்டு. சின்னவனுக்கு விற்றாலும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அவர்கள் எங்கே போவார்கள்? இந்த ஒரு இடத்தில் நான் டிபார்ட்மென்ட் பக்கம் இல்லை.

எப்படியும் அவனுக்கு அது தோதுப்படாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகை நகர்த்திவிட்டு, காரை விட்ட இடத்துக்கு மழையில் நடந்து திரும்புகிற வயசா?

வே, இதுவரை எழுதினது கணக்கு. மருமகள் பிரிந்து போன வருஷம் அவன் எப்படி இருந்தான் என்று உமக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். போனை எடுக்க மாட்டான். எடுத்தால் "சாப்பிட்டேன்" என்ற ஒரு வார்த்தை. அவன் அம்மா இருந்திருந்தால் எப்படியாவது பேச வைத்திருப்பாள். எனக்கு அது தெரியவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்பேன். பெய்கிறது என்பான்.

படகு வாங்கின பிறகுதான் பேசத் தொடங்கினான். எஞ்சினில் தண்ணீர் கசிகிறது, பக்கத்துப் படகுக் கிழவர் முடிச்சுப் போடக் கற்றுத் தருகிறார், நீங்கள் அனுப்பின அப்பளம் ஈரத்தில் நமத்துவிட்டது. இப்படி ஒன்றுமில்லாத விஷயமாக அரை மணி நேரம். போன வருஷம் ஒரு நாள் விடியக்காலம் எனக்கு விழிப்புத் தட்டியது. அவன் பின்பக்கம் உட்கார்ந்து கயிறு சுருட்டிக்கொண்டே விசில் அடித்துக்கொண்டிருந்தான். அந்த விசிலுக்காக ப்ளஸ் டூ வரைக்கும் என்னிடம் அடி வாங்கினவன். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நிறுத்திவிடுவான் என்று போர்வைக்குள் அப்படியே கிடந்தேன்.

கூடுதலாகக் கேட்கிற 900 பவுண்டை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பிசான நெல் போட்ட காசு இருக்கிறது, பென்ஷனில் கை வைக்க வேண்டாம். "வேண்டாம்பா" என்று வைத்துவிட்டான். என்னிடம் வாங்க மாட்டான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நீர் சொல்ல வேண்டாம்.

அதனால் உம்மால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீர் அவனுக்குப் போன் செய்யும். படகை விற்பது பற்றி உமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் ஆனி, ஆடியில் நீரும் மதினியும் வருவதாகவும், அந்தப் படகில் பத்து நாள் இருக்க வேண்டும் என்று மதினி ஆசைப்படுவதாகவும் சொல்லும். சங்கரன் மாமா கேட்டு அவன் எதை இல்லை என்றிருக்கிறான்? ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் போதும், அதற்குள் வேறு மெரினா பார்க்கலாம், இன்னொருவரோடு பங்கு போடலாம், என்னமாவது செய்யலாம். டிக்கெட் செலவை நாம் அப்புறம் பேசிக்கொள்வோம். நீர் டிவிஷன் அக்கவுண்டன்டாக இருந்தவர், என்னை எப்படியும் நாலணா ஏமாற்றுவீர்.

வெண்ணமடைக்குளத்தை நினைத்து மதினி பயந்தால், அங்கே கால்வாய் ஆழம் பெரும்பாலும் நாலடிதான் என்று சொல்லும். விழுந்தாலும் எழுந்து நின்றால் மார்பளவுக்கு வராது. உமக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு கட்டு அப்பளம் கொடுத்துவிடுகிறேன். மதினியைக் கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்லும். அவனுக்குப் போன் செய்தால் நம்ம நேரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் செய்யும், அப்போதுதான் ஆபீஸ் விட்டு வருவான்.

அன்புடன்,
உம் நண்பன்,
கணபதி