முகத்தில் சிரிப்பு வேண்டாம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு.

இப்போது என்ன வரைகிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய். விமானத்தில் முன்சீட்டுப் பையில் செருகி வைத்திருப்பார்களே, யாரும் எடுத்துப் பார்க்காத பாதுகாப்பு அட்டை, அதற்குத்தான் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கதைகளுக்கு வரைந்து பழகிய கைக்கு இது தண்டனை. நிழல் கூடாது, அலங்காரம் கூடாது, ஒரு கட்டத்தில் ஒரு செயல்தான். எழுத்தையும் நம்ப முடியாது. எந்த மொழிக்காரரும் அந்தச் சீட்டில் உட்காரலாம். வலமிருந்து இடமாகப் படிக்கிறவர் கட்டங்களை மாற்றிப் பார்த்துவிடாமல் இருக்க எண் போட வேண்டியிருக்கிறது.

இதற்காகப் பழைய விபத்து அறிக்கைகளைப் படித்தேன். 1985இல் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 ஓடுபாதையிலேயே தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். இறக்கைக்கு மேலிருந்த அவசரக் கதவைத் திறக்கப் போன ஒரு பெண், சீட்டின் கைதாங்கியை இழுத்துக்கொண்டிருந்தாராம். உண்மையான கைப்பிடி கதவின் மேல்பக்கம் இருந்தது. அதை இழுத்ததும் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள கதவு உள்பக்கமாகவே விழுந்துவிட்டது. கை எங்கே போக வேண்டும், கதவு எந்தப் பக்கம் வரும், இரண்டையும் நான் ஏன் இவ்வளவு பெரிதாக வரைகிறேன் என்று இப்போது புரிகிறதா? புதிய 737களில் அதே கதவு தானாக மேல்நோக்கித் திறந்துகொள்ளும். அதனால் ஒரு வகை விமானத்தின் அட்டை இன்னொன்றுக்கு உதவாது.

என்னை அதிகம் படுத்துவது லைஃப் ஜாக்கெட்தான். 1996இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுகள் அருகே கடலில் இறங்கியது. பலர் உள்ளேயே ஜாக்கெட்டில் காற்றை நிரப்பிக்கொண்டதால், தண்ணீர் ஏறியபோது வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். காற்று நிரம்ப ஜாக்கெட்டில் உள்ள சிவப்புப் பட்டையை இழுக்க வேண்டும். சரி, 'இப்போது வேண்டாம், அப்புறம் இழு' என்பதை எப்படி வரைவாய்? பெருக்கல் குறி போட்டால் இழுக்கவே கூடாது என்று ஆகிவிடுகிறது. கடைசியில், உள்ளே இருக்கும் கட்டங்களில் கையையே காட்டாமல், கதவு வாசலில் நிற்கும் கட்டத்தில் மட்டும் அந்தப் பட்டையை இழுப்பதாக வைத்திருக்கிறேன். இன்னும் திருப்தியில்லை.

ஆக்ஸிஜன் மாஸ்க் பரவாயில்லை. 2018இல் அமெரிக்காவில் எஞ்சின் வெடித்த ஒரு விமானத்துக்குள் எடுத்த படத்தில், பலர் வாயை மட்டும் மூடி மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். அதனால் என் ஆளுக்குக் கொஞ்சம் பெரிய மூக்கு!

முகபாவத்தில்தான் தகராறு. பயணிகள் பயப்படக் கூடாது, லேசாகச் சிரிக்கட்டும் என்கிறார்கள் வேலை கொடுத்தவர்கள். விமானத்திலிருந்து தப்பிக்கும் சறுக்குப் பாதையில் சிரித்துக்கொண்டே சறுக்கினால் பூங்காவில் விளையாடுகிற மாதிரி இருக்கிறது. அலறும் முகமும் வேண்டாம். வேலையில் கவனமாக இருக்கிறவரின் முகம் போதும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜாக்கெட் கட்டங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரிடமும் காட்டு. எதையும் விளக்காதே, நன்றாக இருக்கிறதா என்றும் கேட்காதே. 'இந்த ஆள் என்ன செய்கிறார்?' என்று மட்டும் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி அனுப்பு. முக்கியமாக, விமானத்தில் ஏறியே இராதவர்கள் சொல்வது எனக்கு வேண்டும்.

அன்புடன்,
மூர்த்தி