35-க்குக் கீழே இருந்தால் போதுமா, டாக்டர்?

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

நான் ஜார்ஜியாவில் ஒரு மருத்துவமனையின் கீமோ பிரிவில் நர்ஸ். மதுரையில் படித்துவிட்டு வந்தவள். உங்களில் பலர் மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்து ரெசிடென்சி முடித்தவர்கள். அப்புறம் கான்ராட் 30 திட்டத்தில், டாக்டர் கிடைக்காத ஊர்களில் மூன்று வருடம் வேலை பார்க்க ஒப்புக்கொண்டு அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா என்று போனீர்கள். சிலர் அங்கேயே தங்கியும் விட்டீர்கள். அந்த ஊர்களில் ஒரு கறுப்பினப் பெண் "வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது" என்று முதலில் வந்து உட்காருவது உங்கள் முன்னால்தான். எங்களிடம் வருவதற்குள் பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அதனால்தான் சினைப்பைப் புற்றைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

என் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய அவித்த கடலை கொண்டு வருவார். இங்கே சாலையோரத்தில் விற்பார்கள், ருசி நம்மூர்க் கடலையேதான். நான்கு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, பேன்ட் இடுப்பில் ஏறவில்லை என்று மூன்று முறை கிளினிக் போயிருக்கிறார். முதல் முறை அசிடிட்டிக்கு மாத்திரை. அடுத்த முறை மலச்சிக்கலுக்கு மருந்து. மூன்றாம் முறை, சினைப்பைப் புற்று சந்தேகத்துக்குப் பார்க்கும் சிஏ-125 ரத்தச் சோதனை செய்தார்கள். 31 வந்தது. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தது நான்கு மாதம் கழித்து, வயிற்றில் நீர் கோத்த பிறகு. சினைப்பைப் புற்று, மூன்றாம் நிலை.

அந்த டாக்டர் நம்மவரா இல்லையா என்று சொல்லப் போவதில்லை. ரிப்போர்ட்டில் 35-க்குக் கீழே என்றால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த 35 எங்கிருந்து வந்தது? 1980-களின் தொடக்கத்தில், பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களின் ரத்தத்தை வைத்துப் போட்ட கோடு அது. அண்மையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். கறுப்பினப் பெண்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் புற்று இருந்தும் அளவு உயராமல் போவது மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. அப்படி உயராதவர்களுக்குக் கீமோ தொடங்குவதும் தாமதமாகியிருக்கிறது.

சரி, எங்களிடம் வந்த பிறகாவது ஒழுங்காக நடந்ததா? இல்லை. இரண்டாவது சுற்றுக்கு அக்காவின் காரில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தார். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 1,350. எங்கள் பிரிவில் 1,500 இருந்தால்தான் மருந்து ஏற்றுவோம். "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியது நான்தான். அடுத்த வாரம் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. சார்ட்டில் "நான்-கம்ப்ளையன்ட்", அதாவது சொன்னபடி சிகிச்சைக்கு வராதவர், என்று ஏறிவிட்டது. அதற்கடுத்த வாரம் வந்தவர், மேல்கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் என் அம்மாவுக்கும் வெள்ளை அணு எப்பவும் கம்மிதான், ஊர் டாக்டர் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கார்."

டஃபி-நல் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவாக்ஸ் மலேரியாவுக்கு எதிராக ஆப்பிரிக்காவில் பல தலைமுறையாக வந்து சேர்ந்த, சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இல்லாத ரத்த அமைப்பு. இங்குள்ள கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு உண்டு. அவர்களுக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு, அதனால் தொற்று அபாயம் கூடுவதில்லை. ரத்த வங்கியில் ஒரு சாதாரணச் சோதனையில் தெரிந்துவிடும். யாரும் கேட்டு எழுதுவதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு "ஆக, இது ஜீன் விஷயம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1970-களின் நடுவில் இந்த நோய் வந்த கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு 42 பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள், வெள்ளையினப் பெண்களில் 35 பேர். கீமோ மருந்துகளில் 1978-இல் சிஸ்பிளாட்டின் வந்தது, 1992-இல் பேக்லிடாக்செல். அப்புறம் 2010 வாக்கில் பார்த்தால் வெள்ளையினத்தவர் 45-ஐத் தாண்டிவிட்டார்கள், கறுப்பினத்தவர் 40-க்கும் கீழே. முப்பத்தைந்து வருடத்தில் ஜீன் மாறிவிடாது. மருந்தும் நல்ல அறுவை சிகிச்சையும் வந்தன, ஒரு பக்கத்துக்குத்தான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மருத்துவ ஆய்வுகளில் சேர்ந்து ஒரே மருந்தை ஒரே அளவில் பெற்ற கறுப்பின, வெள்ளையினப் பெண்களை ஒப்பிட்டபோது ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுகளிலும் பல 1,500 நியூட்ரோஃபில் இல்லாவிட்டால் உள்ளே விடாது என்பது தனிக் கொடுமை.

புற்று அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ சோதனையும் இதே கதைதான். 2013, 2014-இல் ஜார்ஜியாவிலும் கலிஃபோர்னியாவிலும் சினைப்பைப் புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்களில் வெள்ளையினத்தவர் மூவரில் ஒருவருக்கு மரபணுச் சோதனை நடந்தது, கறுப்பினத்தவரில் ஐவரில் ஒருவருக்குச் சற்று மேல். சோதனை செய்யாமல் ஓலாபரிப் என்ற புற்று மருந்து யாருக்குப் பலன் தரும் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு என்று கூடும் இடங்களில் "அவங்க அப்பாயின்ட்மென்ட்டுக்கே வரமாட்டாங்க" என்று கறுப்பின நோயாளிகளைப் பற்றி நம்மவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த அம்மாள் அந்த வாரம் ஏன் வரவில்லை என்று ஒரு போன் போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உப்புசம் மூன்று வாரம் தாண்டினால் சிஏ-125 என்ன சொன்னாலும் ஸ்கேனுக்கு எழுதுங்கள். கட்டி தெரிந்தால் உள்ளூர் சர்ஜனிடம் விடாமல், பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணரிடமே அனுப்புங்கள். அவர் அட்லான்டாவில்தான் இருக்கிறார் என்றால் போக வர வழி இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். அனுப்பும் கடிதத்தில் பழைய ரத்த ரிப்போர்ட்டுகளில் இருக்கும் நியூட்ரோஃபில் எண்களையும் சேர்த்து எழுதுங்கள். பத்து வருடமாக 1,400 என்று உங்கள் ஃபைலில் இருந்தால், அவரைத் திருப்பி அனுப்பும் முன் நான் ஆன்காலஜிஸ்டிடம் அதைக் காட்டிப் பேச முடியும்.

என் நோயாளிக்கு டஃபி சோதனை செய்தோம். நல்தான். நான்காவது சுற்றிலிருந்து 1,300 இருந்தாலும் ஏற்றலாம் என்று ஆன்காலஜிஸ்ட் எழுதிக் கொடுத்தார். சார்ட்டில் அந்த "நான்-கம்ப்ளையன்ட்" மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஜார்ஜியாவிலிருந்து ஒரு நர்ஸ்