பாடிய பாட்டிமாருக்கும் நிதி தந்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தையும் (மன்மதன் எரிந்த கதையைச் சொல்லும் கூத்து) ஒப்பாரியையும் பற்றிய எங்கள் கூட்டாய்வு முதற்கட்டத்தை முடித்துவிட்டது. அதிலிருந்து உருவான பாடநெறியும் அடுத்த தவணையில் வகுப்புக்கு வருகிறது. தமிழ், வரலாறு, புவியியல், இசை என்று தனித்தனியே இருந்த எங்களை ஒன்றாகக் களத்துக்கு அனுப்பிய பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கு முதல் நன்றி.

கலைப்பீடத்துக்கு எதற்குக் காசு, புத்தகமும் பேனையும் போதாதா என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அதனால்தான் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதும்போது கை தயங்கியது: பாடுபவர்களுக்கும் தப்படிப்பவர்களுக்கும் நாட்சம்பளம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை; கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அப்படி வாழ்கிறவரைப் பிடித்து, “ஒரு பாட்டுப் பாடுங்க பாட்டி” என்று சும்மா கேட்க மனம் வரவில்லை. குழு அந்த வரியை வெட்டவில்லை. வருகை விரிவுரையாளருக்குரிய கொடுப்பனவாகவே அதை ஏற்றுக்கொண்டது. பற்றுச்சீட்டில் கைநாட்டு இருந்தும் முகம் சுளிக்காமல் பணத்தை விடுவித்த நிதிப் பிரிவினரை மறக்கமாட்டோம்.

அந்தக் காசு என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். மாசி மாதம், கூத்தாடும் திடலான காமன் பொட்டலில் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தை ஒரு பாட்டி எங்களுக்குப் பாடிக் காட்டினார். பாதியிலே ரதி போய்விட்டாள். கோச்சியேறி, அதாவது ரயிலேறி, தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போன தன் அக்காவைப் பேர் சொல்லிப் பாட்டி அழத் தொடங்கினார். மெட்டு மாறவேயில்லை என்று இசைத்துறை மாணவி குறித்துக்கொண்டார். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில், இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். வரலாற்று வகுப்பில் இந்த எண்களை நாங்கள் மனப்பாடம் செய்தவர்கள்தான். அந்த எண்ணுக்குள் ஓர் அக்கா இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா இருந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இப்போது இல்லை, தேயிலையும் காடாகிவிட்டது. பாட்டி கை காட்டிய திசையை வைத்துப் புவியியல் மாணவர் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார். தமிழ்த்துறை தனியாகப் போயிருந்தால் பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பியிருக்கும்.

படப்பிடிப்புக்கு அனுமதி தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், இரவு நேரங்களில் துணைக்கு வந்த தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும், பனியில் நடுங்கியபோது இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டியும் (பாலில்லாத தேநீர்) ரொட்டியும் தந்து லயக் காம்பராவில் (லயத்து அறையில்) இடம் ஒதுக்கிய குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. பழைய சிங்களக் கோப்புகளை வாசித்து விளக்கிய சகமாணவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆய்வுக் குழுவிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. பாடிக் காட்டியவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. இரண்டாம் கட்ட நிதியைத் தாமதிக்காமல் தாருங்கள், நாட்சம்பள வரியை அதிலும் அப்படியே வைத்திருங்கள்.

ஒலிப்பதிவுகளின் பிரதிகள் பாடியவர்களின் வீடுகளுக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இந்த மாதமே வந்து சேரும்.

நன்றியுடன்,
ஆய்வில் பங்கேற்ற ஆசிரியர்களும் மாணவர்களும்