கோமா நகரில் வங்கிகளைத் திறக்க வழி செய்யுங்கள்

ஐ.நா. பாதுகாப்புச் சபை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிழக்கு காங்கோவின் கோமா நகரில் பன்னிரண்டு வருடமாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மனம் விட்டுப் பேச வருவது தமிழில்தான் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். எம்23 என்ற கிளர்ச்சிப் படை எப்படி வந்தது, அதன் பின்னால் பக்கத்து நாடான ருவாண்டாவின் ராணுவம் நிற்கிறது என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் 2773-ஆம் தீர்மானத்தில் நீங்களே எழுதினீர்கள். ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். இந்த ஊர் வங்கிகளைத் திறக்க வழி செய்யுங்கள்.

2025 ஜனவரிக் கடைசியில் கோமா எம்23 கையில் விழுந்தபோது வங்கிகள் மூடின. இதோ டிசம்பர் வந்துவிட்டது. மத்திய வங்கிக் கிளையும் மூடிக்கிடப்பதால் கையில் புரளும் காங்கோ ஃபிராங்க் நோட்டுகள் கந்தல் துணிபோல ஆகிவிட்டன. டாலரிலோ நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் இங்கே யாரும் வாங்கமாட்டார்கள்.

எங்கள் கடையில் கணக்கு எழுதும் பெண்ணின் மகனுக்குப் போன மாதம் மலேரியா. தலைநகர் கின்ஷாசாவிலிருந்து கணவர் அனுப்பிய பணம் அவள் போனுக்கு வந்துவிட்டது. மருத்துவமனையிலோ ரொக்கமாகக் கட்டச் சொன்னார்கள். குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மொபைல் மணி முகவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நின்றிருக்கிறாள். ஒருவரிடம் காசே இல்லை. இன்னொருவர் இருபது டாலருக்கு மேல் தரமாட்டேன் என்றாராம். நாலாவது ஆள் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். அதிலும் இரண்டு நோட்டு ஓரம் கிழிந்தவை. இருட்டும் நேரத்தில் கடைக்கு ஓடிவந்து, அந்த இரண்டையும் மேஜைமேல் வைத்து விரலால் நீவிக்கொண்டே நின்றாள். அழக்கூட இல்லை. என் கல்லாவிலிருந்து மாற்றிக் கொடுத்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். அந்த இரண்டு நோட்டும் இன்னும் என் கல்லாவில்தான் கிடக்கின்றன.

அவள் கையில் இருந்த போனுக்கும், உங்கள் மேஜையில் இருக்கும் போனுக்கும் வேண்டிய கோல்டான் என்ற கனிமம் இங்கே மசிசி மலையில், ருபாயாவில் கிடைக்கிறது. உலகக் கோல்டானில் ஏறக்குறைய 15 சதவீதம் அந்த ஒரே இடத்தில். 2024 ஏப்ரலில் அதை எம்23 பிடித்தது. அங்கே வரி போட்டே மாதம் 8 லட்சம் டாலர் திரட்டுகிறார்கள், கனிமம் ருவாண்டாவுக்குள் போய் அந்த நாட்டுச் சரக்கோடு கலக்கிறது என்று சொன்னது உங்கள் நிபுணர் குழுதான். அந்தச் சுமைக்கு வழி கிடைக்கிறது. ஒரு தாய்க்கு அவள் சொந்தப் பணம் கிடைக்கவில்லை. இது உங்களுக்குச் சம்மதமா?

நிவாரண விமானங்கள் சில வாரங்களில் கோமாவில் இறங்கும் என்று அக்டோபர் 30 அன்று பாரிசில் சொன்னார் பிரான்ஸ் அதிபர். ஒன்றும் இறங்கவில்லை. டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் காங்கோ, ருவாண்டா அதிபர்கள் இருவரும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கே கனிமங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. ஒரு வாரத்துக்குள் கிழக்கு காங்கோவின் இன்னொரு நகரான ஊவிராவுக்குள் எம்23 நுழைந்தது. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். மேலே நடமாடும் மனிதர்கள் யார் கண்ணிலும் படவில்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். வங்கியைத் திறந்தால் பணம் ஆயுதக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வெளியாள் ஒருவர் கண்காணிக்கட்டும். முதலில் சம்பளக் கணக்குகளையாவது திறக்கச் சொல்லுங்கள். கின்ஷாசா அரசையும் எம்23-ஐயும் ஒரே மேஜையில் உட்காரவைத்து இதைப் பேச உங்களால் முடியும். தயவுசெய்து பேசுங்கள்.

இப்படிக்கு,
கோமாவிலிருந்து ஒரு கடைக்காரன்
2025 டிசம்பர்