ஆட்டோ ஏசி என் பேச்சைக் கேட்பதில்லை: புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: காரின் தானியங்கி ஏசிக் கோளாறு, மூன்று முறை காட்டியும் தீராதது தொடர்பாக

ஐயா,

வணக்கம். உங்கள் காரை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. எஞ்சின், பிரேக் எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஏசி குளிரவில்லை என்றும் சொல்ல வரவில்லை. நன்றாகவே குளிர்கிறது, ஆனால் அதன் இஷ்டத்துக்கு. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மூன்று முறையும் "ஆட்டோ மோடுன்னா அப்படித்தான் சார்" என்று சொல்லி, காரைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முதலில் ரீசர்குலேஷன் பொத்தான். முன்னால் ஒரு லாரி கரும்புகை கக்கிக்கொண்டு போகிறது. வெளிக்காற்று வராமலிருக்க அந்தப் பொத்தானை அழுத்துகிறேன், விளக்கும் எரிகிறது. கொஞ்ச நேரத்தில் அதே லாரிக்குப் பின்னால் சிக்னலில் நிற்கும்போது காருக்குள் டீசல் நெடி. குனிந்து பார்த்தால் விளக்கு அணைந்து கிடக்கிறது. நான் தொடவே இல்லை. உள்காற்றே சுற்றிக்கொண்டிருந்தால் கண்ணாடியில் ஆவி படியும், விடுகிற மூச்சும் உள்ளேயே தேங்கும். அதனால்தான் தானாக வெளிக்காற்றுக்கு மாறுகிறது என்பது எனக்கும் தெரியும். நியாயம்தான். ஆனால் எத்தனை நிமிடத்தில் மாறும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. மாறும்போது ஒரு 'டிக்' சத்தமாவது வரக்கூடாதா? சீட் பெல்ட் போடவில்லை என்றால் ஊரைக் கூட்டுகிற கார்தானே இது!

டிஃபாக்கர் கதை வேறு. மழையில் முன்கண்ணாடி மங்கினால் அதை அழுத்துகிறேன். ஏசியைக் குளிரவைக்கும் கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கிறது, வெளிக்காற்று திறக்கிறது, காற்றை வீசும் பிளோயர் வேகமெடுக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதுதான் வழி, சரி. கண்ணாடி தெளிந்ததும் அதே பொத்தானால் அணைக்கிறேன். காற்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது; நான் முன்பு அணைத்து வைத்திருந்த கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நான் கவனிப்பதற்குள் பின்சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுவிடுகிறார்.

இவை இரண்டையும்கூடப் பழகிக்கொள்வேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது மூன்றாவது பிரச்சினை.

24 டிகிரி வைத்து ஆட்டோவை அழுத்தினால், முதலில் பிளோயர் இரைந்துவிட்டு, உள்ளே குளிர்ந்ததும் தானாகத் தணிய வேண்டும். என் காரில் தணிவதே இல்லை. அரைமணி நேரம் ஓட்டி விரல்கள் விறைத்த பிறகும் முழு வேகத்தில் இரைகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். டேஷ்போர்டின் மேலிருக்கும் வெயில் சென்சார்தான் காரணமோ என்று அதைக் கைக்குட்டையால் மூடியும் பார்த்தேன். மாற்றமில்லை. இரவிலும் இதே கதைதான். உங்கள் சர்வீஸ் அட்வைசர் தந்த யோசனை: "18ல வச்சுப் பாருங்க சார்." குளிரில் நடுங்குகிறேன் என்று புகார் சொல்ல வந்தவனிடம்!

கார் ஏசி மெக்கானிக்கான நண்பர் ஒருவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். ஸ்டீயரிங் அருகே நாணயம் அளவில் சல்லடைபோல் துளைகள் இருக்கின்றன அல்லவா? அதன் பின்னால்தான் உள்வெப்பத்தை அளக்கும் சென்சார். காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அதன்மேல் படவைக்க ஒரு குட்டி விசிறி உண்டு. ஏசியைப் போட்டுவிட்டு, டிஷ்யூ காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து அந்தத் துளைகளின் மேல் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் காரில் வைத்தேன். நழுவி என் மடியில் விழுந்தது. நான்கு முறை வைத்தேன், நான்கு முறையும் விழுந்தது. இதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் காரில் வைத்ததும் 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது.

விசிறி ஓடாவிட்டால் சென்சார் அளப்பது டேஷ்போர்டுக்குள் தேங்கிய சூட்டை. கார் இன்னும் வெந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து ஏசி ஓயாமல் குளிர்விக்கிறது. ஒரு காகிதத் துண்டு காட்டிக்கொடுத்ததை, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு "எரர் கோட் எதுவும் இல்லை" என்று மூன்று ஜாப் கார்டிலும் எழுதி முடித்திருக்கிறார்கள். விசிறி நின்றாலும் சென்சார் ஏதோ ஓர் அளவைச் சொல்லிக்கொண்டுதானே இருக்கும்? எரர் எப்படி வரும்?

எனவே அந்தச் சென்சாரையும் விசிறியையும் வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். மாற்றிய பிறகு உங்கள் ஆள் ஒருவர் என்னோடு அரைமணி நேரமாவது காரில் வந்து பார்க்க வேண்டும். ஷெட்டில் நிறுத்திவைத்து இரண்டு நிமிடம் பார்ப்பது போதாது. ரீசர்குலேஷன் எப்போது தானாக மாறும், டிஃபாக்கரை அணைத்தபின் கம்ப்ரசர் ஏன் ஓடுகிறது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். மென்பொருளில் திருத்த முடியுமென்றால் இன்னும் நல்லது.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். தேதி சொல்லுங்கள், காரைக் கொண்டுவருகிறேன். டிஷ்யூ காகிதமும் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள் மூன்று, இரு கார்களிலும் செய்த காகிதச் சோதனையின் வீடியோ.