நாலாவது பஸ் எதற்கு?

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

சமூக அறிவியலுக்கு உயர்சிந்தனை வினா தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பி.எட்.டில் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளரைப் பற்றிப் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1956-இல் அவர் குழு வகுத்த சிந்தனைப் படிநிலைகளை வரிசை மாறாமல் ஒப்பித்துத்தான் மார்க் வாங்கினோம். இன்றைக்கும் அதே கதைதான். பாடத்தின் கடைசியில் உயர்சிந்தனை வினா இருக்கும், கைடில் அதற்கும் விடை இருக்கும், பிள்ளைகள் அதையும் உருப்போட்டு வந்துவிடுவார்கள். அப்புறம் அதில் என்ன உயர்சிந்தனை?

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தேன். சுற்றுலாவுக்கு 130 பேர், ஒரு பஸ்ஸில் 40 பேர், எத்தனை பஸ் வேண்டும்? பாதி வகுப்பு ‘ஈவு 3, மீதி 10’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டது. ஒருவன் மூணேகால் பஸ் என்றான். நம் பிள்ளைகள் மட்டும் இப்படி இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் 1128 வீரர்களை 36 பேர் ஏறும் பஸ்களில் அனுப்பச் சொன்னார்கள். பெரும்பாலோர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 பஸ் என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான். ‘31, மீதி 12’ என்றவர்கள் அதைவிட அதிகம்.

என் வகுப்பில் நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கவனித்த விஷயம் இது: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, ‘தெரியாது’ குறைகிறது. வகுப்பில் நின்று பார், மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்! பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “நாலு பஸ் மிஸ். ஆனா பத்துப் பேருக்கு நாலாவது பஸ் எதுக்கு? ஒரு வேன் எடுத்தா காசு மிச்சம்.” உடனே வேன் வாடகை என்ன, மூணு பேர் சீட்டில் நாலு பேர் உட்காரலாமா, டிராஃபிக் போலீஸ் பிடிக்காதா என்று ஒரே சண்டை. மணி அடித்தும் ஓயவில்லை.

இதற்காக வாய்ப்பாட்டைத் தூக்கி எறி என்று நான் சொல்ல மாட்டேன். வகுக்கத் தெரியாதவனுக்கு வேன் யோசனை வரும்முன் பீரியடே முடிந்துவிடும்.

உன் பாடத்துக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பது ஒரு மார்க் கேள்வி. அங்கே கல்வெட்டில், கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்தத் தெருவில் வீடு, ஆளுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் வெட்டியிருக்கிறது. இவ்வளவு விவரத்தைக் கல்லில் வெட்டி வைக்க ராஜராஜனுக்கு என்ன தேவை? கல் சுமந்தவர்களுக்கு ஏன் இப்படி ஒரு பட்டியல் இல்லை? இதைக் கேட்டுவிட்டுச் சும்மா நில். விடைக்குறிப்பு மட்டும் எழுதிவிடாதே, அடுத்த வருஷக் கைடில் வந்துவிடும்.

பொங்கல் லீவில் ஊருக்கு வருவாயா? வருவதென்றால் முன்கூட்டியே சொல், நானும் அந்த நாளில் வருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கலா